கொங்கு நெசவு நாட்டு வரலாறு: கலைக்களஞ்சியம் தந்த ஆசிரியர் பெரியசாமித் தூரன்

ம.ப. பெரியசாமித் தூரன் 1908 செப்டம்பர் 26 அன்று ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சிக்குப் பக்கத்தில், மஞ்சக்காட்டு வலசு என்ற சிற்றூரில், வேளாண் குடும்பத்தில் பிறந்தார். தந்தை பழனிவேலப்பக் கவுண்டர். தூரன் என்பது கொங்கு வேளாளரில் ஒரு கூட்டத்தின் பெயர். அந்தக் கூட்டப் பெயரையே அவர் புனைபெயராக வைத்துக்கொண்டார். கவிஞர், சிறுகதையாளர், நாடக ஆசிரியர், கீர்த்தனை இயற்றியவர், குழந்தை இலக்கியம் படைத்தவர், பாரதியின் எழுத்தைத் தேடித் தொகுத்தவர் என்று அவரைப் பலவிதமாக அறிமுகப்படுத்துவார்கள். தொழிலால் அவர் பள்ளி ஆசிரியர். தமிழின் முதல் நவீனக் கலைக்களஞ்சியத்துக்குத் தலைமைப் பதிப்பாசிரியரானதும் அந்தத் தொழிலின் தொடர்ச்சியாகவே நடந்தது.

அவர் பிறந்த மண்ணைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். 13ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் வெட்டிய வாய்க்கால் பவானி ஆற்றில் பிரிந்து, ஈரோடு, மொடக்குறிச்சிப் பகுதிகளுக்கு நீர் பாய்ச்சி, நொய்யலை எட்டுகிறது. வாய்க்கால் எட்டிய இடத்தில் நெல்லும் மஞ்சளும் கரும்பும் விளைந்தன. எட்டாத மேட்டுக்காட்டில் சோளம், கம்பு, பருத்தி. பக்கத்துச் சென்னிமலையில் கைத்தறி ஓடியது. அந்தப் பருத்தி வண்டியேறிப் போய்ச் சேர்ந்த பெரிய சந்தைகளில் ஒன்று திருப்பூர். பின்னலாடை நகரமாகும் முன்பு திருப்பூருக்கு இருந்த பெயர் பஞ்சுச் சந்தையாலும், பருத்தியரைக்கும் ஆலைகளாலும், கதராலும் வந்தது. காந்தியின் நூற்போர் சங்கம் தமிழ்நாட்டில் முக்கியமான தளமாகக் கொண்டிருந்த ஊரும் அதுதான். தூரனின் வாழ்க்கையைத் திசை திருப்பிய மனிதர் இந்தத் திருப்பூரிலிருந்துதான் வந்தார்.

மொடக்குறிச்சியில் தொடக்கக் கல்வியும் ஈரோடு மகாஜன உயர்நிலைப் பள்ளியில் மேற்கல்வியும் முடித்துத் தூரன் சென்னைக்குப் போனார். அவர் ஈரோட்டு வட்டாரத்துச் சிறுவனாக இருந்த காலத்தில்தான், 1921இல், பாரதியார் ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலைக்கு வந்து பேசினார். மனிதன் சாகாமல் வாழ முடியும் என்பது பேச்சின் பொருள். அதே ஆண்டு செப்டம்பரில் பாரதி காலமானார். தூரனுக்கு அப்போது 13 வயது நிறையவில்லை. பாரதியின் சிதறிய உரைநடையைத் திரட்டும் வேலை பின்னாளில் இந்த வட்டாரத்துப் பையன் கையில் வந்து சேர்ந்தது.

சென்னை மாநிலக் கல்லூரியில் அவர் எடுத்த பாடம் கணிதம். இலக்கியத்தைப் பாடமாகப் படிக்காத ஒருவர் இத்தனை தமிழ் எழுதியது வியப்பாகத் தோன்றலாம். கலைக்களஞ்சியப் பணிக்கு அவர் பொருந்தி வந்ததற்கு அந்தக் கணிதமும் ஒரு பெருங்காரணம். கல்லூரியில் அவருடைய நெருங்கிய நண்பர்களில் ஒருவர் பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்திலிருந்து வந்த சி. சுப்பிரமணியம். பின்னாளில் மாநிலக் கல்வி அமைச்சராகவும், மத்திய உணவு, வேளாண் அமைச்சராகப் பசுமைப் புரட்சிக்கு வித்திட்டவராகவும் அறியப்பட்டவர் அவர். கொங்கு நாட்டு மாணவர்கள் சிலர் சேர்ந்து வனமலர்ச் சங்கம் என்று ஓர் அமைப்பை வைத்துக்கொண்டு ‘பித்தன்’ என்ற மாத இதழை நடத்தினார்கள். தூரனின் தொடக்ககால எழுத்துக்கு அதுவே களம்.

1931 மார்ச் 23 அன்று லாகூரில் பகத்சிங், ராஜகுரு, சுகதேவ் ஆகியோர் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த வேதனையில் தூரன் பட்டத்துக்கான இறுதித் தேர்வை எழுதாமல் விட்டார். விவசாயக் குடும்பத்திலிருந்து சென்னைக்கு அனுப்பிப் படிக்கவைத்த பிள்ளை, பட்டத்தின் வாசல் வரை போய்த் திரும்பி வருவது அந்நாளில் சின்ன விஷயமில்லை. சர்க்கார் உத்தியோகத்தின் கதவைத் தானே சாத்திக்கொண்ட செயல் அது. பத்து மாதம் கழித்து, 1932 ஜனவரியில், சென்னிமலையில் பிறந்த குமரன் திருப்பூர் வீதியில் கொடி பிடித்துப் போய்த் தடியடி பட்டு உயிர்விட்டார். தூரனுக்கு நாலு வயது மூத்தவர் குமரன். மொடக்குறிச்சியிலிருந்து சென்னிமலை எட்டிப் பார்க்கும் தூரம். ஒரே தலைமுறை, ஒரே மண்.

ஊர் திரும்பிய தூரன் கோபிசெட்டிபாளையம் வைரவிழா உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியரானார். அதன் பிறகு கோவை ராமகிருஷ்ண வித்தியாலயத்துக்குப் போனார். அங்கேதான் திருப்பூர்க்காரர் வருகிறார்.

தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் 1903இல் திருப்பூரில் வசதியான வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் பெயரின் முதலெழுத்தில் இருக்கும் ‘தி’ திருப்பூர்தான். சட்டம் படித்தார், காங்கிரஸில் சேர்ந்து சிறைக்குப் போனார், திருமணம் செய்துகொள்ளவில்லை. 1930இல் கோவையில் ராமகிருஷ்ண வித்தியாலயத்தைத் தொடங்கினார். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே விடுதியில் தங்கி, ஒரே பந்தியில் உண்டு, கைத்தொழிலோடு படிக்கும் பள்ளி என்பது அவருடைய எண்ணம். பள்ளி பெரியநாயக்கன்பாளையத்துக்கு இடம் மாறியபோது, 1934இல் ஹரிஜன யாத்திரையாக வந்த காந்தி அடிக்கல் நாட்டினார். மில் முதலாளிகளும் பஞ்சு வியாபாரிகளும் நிறைந்த கோவை, திருப்பூர் வட்டாரத்தில் கொடை கேட்டு வாங்கத் தெரிந்தவர் அவினாசிலிங்கம். அந்தப் பணத்தில் எழுந்த பள்ளிக்குத் தன் ஆசிரியப் பருவத்தின் பெரும்பகுதியைத் தூரன் கொடுத்தார்.

வித்தியாலயத்தில் பாடம் சொன்ன ஆண்டுகள் அவர் எழுத்தில் இரண்டு விதமாக வெளிப்பட்டன. ஒன்று, உளவியல். விடுதியில் நாள் முழுக்கப் பிள்ளைகளோடு இருக்கும் ஆசிரியருக்குப் பயம், பொய், பொறாமை, பிடிவாதம் எல்லாம் கண்ணெதிரே நடக்கும் விஷயங்கள். ‘குழந்தை உள்ளம்’, ‘மனமும் அதன் விளக்கமும்’ போன்ற நூல்களில் மேல்நாட்டு உளவியலார் கண்டவற்றைத் தமிழ்ப் பெற்றோருக்குப் புரியும்படி எழுதினார். ‘பாரம்பரியம்’, ‘கருவில் வளரும் குழந்தை’ ஆகியவை மரபியலையும் கருவியலையும் அதே எளிமையோடு சொன்னவை. பண்டிதத் தமிழிலும் பத்திரிகைத் தமிழிலும் கிடைக்காத ஒரு நடை இந்த நூல்களில் உண்டு. கரும்பலகைக்கு முன் நின்று, புரியவில்லை என்று ஒரு பையன் முகத்தைச் சுளித்தால் அதே விஷயத்தை வேறு மாதிரி சொல்லிப் பார்த்தவரின் நடை அது.

இன்னொன்று குழந்தை இலக்கியம். ‘ஆனையும் பூனையும்’, ‘நாட்டிய ராணி’, ‘மாயக்கள்ளன்’ என்று பல. அவற்றில் ‘சங்ககிரிக் கோட்டையின் மர்மம்’, ‘கொல்லிமலைக் குள்ளன்’ என்ற இரண்டு தலைப்புகளைக் கவனிக்கலாம். அயல்நாட்டுத் துப்பறியும் கதைகளைத் தழுவி எழுதுவது வழக்கமாக இருந்த காலத்தில், ஈரோட்டுப் பிள்ளை பஸ்ஸில் போகும்போது பார்க்கிற கோட்டையையும் மலையையும் அவர் கதைக்கு எடுத்துக்கொண்டார். ஜாக் லண்டனின் நாய்க் கதையை ‘கானகத்தின் குரல்’ என்று மொழிபெயர்த்தவரும் அவரே.

பெரியவர்களுக்கு எழுதிய சிறுகதைகளிலும் கொங்கு நாடே களம். ‘உரிமைப் பெண்’, ‘மாவிளக்கு’, ‘பிள்ளைவரம்’, ‘காளிங்கராயன் கொடை’ என்ற தலைப்புகளே அதைச் சொல்லிவிடும். முறைமாமன் உரிமை, மாரியம்மன் நோன்பு, வாய்க்கால் வெட்டியவன் கதை ஆகியவை அந்த வட்டாரத்தின் அன்றாடப் பேச்சிலிருந்து வந்தவை. கொங்கு வட்டார நாவலுக்கு ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942இல் வழி திறந்தது. கதைக்கலையில் தூரனைச் சண்முகசுந்தரத்துக்கு நிகராகச் சொல்ல முடியாது. தூரனின் கதைகளில் ஆசிரியர் அடிக்கடி தலைகாட்டுகிறார், நன்மையை எடுத்துச் சொல்லும் ஆவல் கதையைக் கொஞ்சம் முந்திக்கொள்கிறது. ‘காற்றிலே வந்த கவிதை’ அப்படியில்லை. நாட்டுப்புறப் பாடல்களை யாரும் பெரிதாக மதிக்காத நாளில், ஏற்றம் இறைப்பவரும் களையெடுப்பவரும் பாடியவற்றைக் கேட்டெழுதி, பாடும் சூழலோடு சேர்த்து விளக்கிய நூல் அது. காட்டு வேலை செய்த மக்களின் வாய்மொழி அதில் காக்கப்பட்டிருக்கிறது. ஏற்றங்களின் இடத்தில் பம்புசெட்டு வந்த பிறகு அந்தப் பாட்டைக் கேட்க வேறு வழியில்லை.

இசைப் பணியைத் தனியாகவே எழுத வேண்டும், இங்கே சுருக்கமாக. 1940களில் தமிழிசை இயக்கம் எழுந்தது. 1943இல் தமிழ் இசைச் சங்கம் சென்னையில் தோன்றியது. கச்சேரியில் பாடத் தமிழில் கீர்த்தனைகள் போதவில்லை என்ற குறை அப்போது பேசப்பட்டது. தூரன் ஏறத்தாழ 600 பாடல்களை இயற்றி அந்தக் குறைக்குப் பதில் தந்தார். ஸாவேரியில் ‘முருகா முருகா’, கீரவாணியில் ‘புண்ணியம் ஒரு கோடி’, சுத்த ஸாவேரியில் ‘தாயே திரிபுரசுந்தரி’ ஆகியவை இன்றும் கச்சேரிகளில் பாடப்படுகின்றன. பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் பல சமயம் இயற்றியவர் யாரென்று தெரிவதில்லை.

பாரதி தொகுப்பும் ஆசிரியருக்குரிய பொறுமையால் விளைந்தது. பாரதி 1904 முதல் 1906 வரையிலும், மறுபடி 1920, 1921இலும் சுதேசமித்திரனில் உதவியாசிரியராக இருந்தவர். இடையில் புதுச்சேரியிலிருந்தும் அதற்கு எழுதினார். அந்தக் கட்டுரைகளும் கதைகளும் குறிப்புகளும் நூல்களில் சேராமல் பழைய இதழ்க் கட்டுகளில் கிடந்தன. தூரன் அந்தக் கட்டுகளைப் புரட்டி, கையால் படியெடுத்து, வெளிவந்த நாளோடு வரிசைப்படுத்தி 1953இல் ‘பாரதி தமிழ்’ என்று நூலாக்கினார். நகலெடுக்கும் இயந்திரம் இல்லாத காலத்தில், தொட்டால் ஒடியும் தாளிலிருந்து வரிவரியாகப் பெயர்த்தெழுதும் வேலை. நாள் குறிப்பிட்டு, கால வரிசையில் அடுக்கியதுதான் இதில் தனிச்சிறப்பு. எந்த நிகழ்ச்சிக்குப் பின் பாரதி எதை எழுதினார், அவர் கருத்து எப்போது எப்படி மாறியது என்று பார்க்க அந்த அடுக்கு வழி செய்தது. பின்வந்த பாரதி ஆய்வாளர்கள் நடந்த பாதை அங்கே தொடங்கியது.

1946இல் அவினாசிலிங்கம் சென்னை மாகாணக் கல்வி அமைச்சரானார். 1949 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். உயர்நிலைப் பள்ளியில் தமிழைப் பாடமொழியாக்க அழுத்தம் கொடுத்ததும், சுதந்திர இந்தியாவில் முதலாவதாக 1948இல் பொது நூலகச் சட்டம் வந்ததும், பாரதியின் படைப்புரிமையை அரசு ஏற்றதும் அந்த ஆண்டுகளைச் சேர்ந்தவை. 1946இலேயே தமிழ் வளர்ச்சிக் கழகம் அவர் தலைமையில் தொடங்கியது. பள்ளியில் தமிழில் பாடம் நடத்தச் சொன்னால், ஆசிரியர் எதைப் புரட்டிப் பார்த்துப் பாடம் நடத்துவார்? அவர் எடுத்துப் பார்க்கும் இடத்தில் அறிவியல், வரலாறு, பொருளாதாரம் அனைத்தும் தமிழில் இருந்தாக வேண்டும். இந்தத் தேவையிலிருந்துதான் கலைக்களஞ்சியத் திட்டம் பிறந்தது. சுதந்திரம் வந்த 1947இல் வேலை தொடங்கியது. தலைமைப் பதிப்பாசிரியராக 1948இல் தூரன் பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து சென்னைக்கு வந்தார். அலுவலகம் சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தில் அமைந்தது.

தமிழில் இதற்கு முன்பு முயற்சிகள் இருந்தன. யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப் பிள்ளையின் ‘அபிதானகோசம்’ 1902இல் வந்தது. பச்சையப்பன் பள்ளித் தமிழாசிரியர் ஆ. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ 1910இல் வெளியானது. இரண்டும் ஒற்றை மனிதரின் உழைப்பு. புராணம், இலக்கியம், சமயம் அவற்றின் மையம். வங்காளத்தில் நகேந்திரநாத் பாசு 22 தொகுதியாக ‘விசுவகோஷ்’ முடித்தது 1911இல். மராத்தியில் கேத்கர் 1920களில் ஞானகோசம் தந்துவிட்டார். தமிழில் அணு, நோய்க்கிருமி, வங்கி, நீராவி எந்திரம் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும் நூல் அதுவரை இல்லை.

வேலையின் கஷ்டம் எங்கே இருந்தது என்று சொல்லியாக வேண்டும். துறை வல்லுநர்கள் எல்லாரும் ஆங்கிலத்தில் படித்தவர்கள், ஆங்கிலத்திலேயே பாடம் சொல்லிவந்தவர்கள். தமிழில் எழுதச் சொன்னால் தயங்கினார்கள். பல கட்டுரைகள் ஆங்கிலத்தில் வந்து அலுவலகத்தில் தமிழாயின. கலைச்சொல்லுக்கு 1916இல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தொடங்கிய முயற்சியும், பின்வந்த பட்டியல்களும் இருந்தாலும், ஒரே பொருளுக்கு ஆளுக்கொரு சொல் வைத்திருந்தார்கள். ஒரு தொகுதியில் ஒரு சொல்லும் அடுத்ததில் வேறு சொல்லும் வந்தால் படிக்கிறவன் திணறிப்போவான். பெ.நா. அப்புசாமி போன்ற, அறிவியலைத் தமிழில் எழுதிப் பழகிய கை அன்று மிகச் சில. எனவே நூற்றுக்கணக்கானோர் எழுதியதை ஒரே நடைக்குக் கொண்டுவரும் பொறுப்பு தலைமைப் பதிப்பாசிரியரின் மேசைக்கு வந்தது. கணிதம் படித்த, கீர்த்தனை எழுதத் தெரிந்த, வகுப்பறையில் பல ஆண்டு நின்ற ஒருவர் அந்த மேசையில் இருந்தது தமிழுக்கு வாய்த்த நல்ல காலம்.

அகர வரிசை இன்னொரு கெடுபிடி. ககரத்தில் ஒரே ஒரு கட்டுரை வந்து சேரவில்லை என்றால் அந்தத் தொகுதி முழுவதும் அச்சகத்தில் காத்துக் கிடக்கும். பின்னால் வரும் எழுத்துகளை முந்தி அச்சடிக்கவும் முடியாது. ஈய எழுத்தைக் கையால் கோத்து அச்சடித்த காலம். ஒவ்வொரு படத்துக்கும் தனியாக பிளாக் செய்ய வேண்டும். ஏறத்தாழ 750 பக்கம் கொண்ட பெரிய தொகுதியில் ஒவ்வொரு பக்கமும் பலமுறை மெய்ப்புப் பார்க்கப்பட்டது.

முதல் தொகுதி 1954இல் வந்தது. ஒன்பதாவது 1963இல். இடையில் உலகம் நிற்கவில்லை. முதல் தொகுதி அச்சானபோது சென்னை மாநிலத்தின் எல்லை வேறு, கன்னியாகுமரி அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. 1956இல் மொழிவாரி மாநிலங்கள் வந்தன. 1957இல் அணாக் கணக்கு மாறி நயா பைசா வந்தது, அதே ஆண்டில் ருஷ்யா செயற்கைக்கோளை ஏவியது. 1961இல் ககாரின் விண்வெளிக்குப் போனார். இப்படி விட்டுப்போனவற்றுக்கும் புதிதாக வந்தவற்றுக்கும் இணைப்பாகப் பத்தாவது தொகுதி 1968இல் வெளிவந்தது. கல்லூரி நண்பர் சி. சுப்பிரமணியம் 1950களில் மாநிலக் கல்வி அமைச்சராக இருந்ததும் பணிக்குத் துணையானது. அரசு நிதியும் கொடையாளர் பணமும் சேர்ந்து செலவைத் தாங்கின. பணம் திரட்டியவர் அவினாசிலிங்கம். தூரன், அவினாசிலிங்கம் இருவரில் ஒருவர் இல்லாமல் போயிருந்தாலும் நூல் வந்திருக்காது.

பத்தாவது தொகுதி முடிந்த 1968இலேயே குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதியும் வந்தது. அறுபது வயதில், மறுபடி முதலிலிருந்து. பெரியவர்களுக்கான நூலைச் சுருக்கித் தருவதல்ல அந்த வேலை. பத்து வயதுப் பிள்ளைக்கு எந்தத் தலைப்பு வேண்டும், எத்தனை வரி போதும், படம் எங்கே வேண்டும் என்று புதிதாக யோசிக்க வேண்டியிருந்தது. வண்ணப் படங்களோடு பத்துத் தொகுதிகள் 1976இல் நிறைவெய்தின. தமிழ்நாட்டில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பள்ளி நூலக அலமாரியைத் திறக்க வாய்த்த பிள்ளைகளுக்கு எரிமலையும் திமிங்கலமும் முதலில் அறிமுகமானது அந்தப் பக்கங்களில்தான். தூரனின் சாதனைகளில் எதை முதலில் வைப்பது என்று கேட்டால், பெரிய கலைக்களஞ்சியத்தை எல்லாரும் சொல்வார்கள். பிள்ளைகளுக்கான பத்துத் தொகுதிகளை அதற்கு ஒரு படி மேலே வைக்கலாம். அறிஞர்களுக்கு ஆங்கில நூல்கள் இருந்தன, தமிழ்வழிப் பிள்ளைக்கு வேறு நூல் இல்லை.

1968இல் மத்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் வழங்கியது. 1970இல் கலைமாமணி, 1972இல் தமிழ் இசைச் சங்கத்தின் இசைப்பேரறிஞர். மனைவி காளியம்மாள். கடைசி ஆண்டுகளில் பக்கவாதம் அவரை முடக்கியது. 1987 ஜனவரி 20 அன்று சென்னையில் காலமானார். அவினாசிலிங்கம் அவருக்குப் பின் நான்கு ஆண்டுகள் வாழ்ந்து 1991இல் மறைந்தார்.

தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் பின்னர் அறிவியல் களஞ்சியமும் வாழ்வியல் களஞ்சியமும் வெளியிட்டது. தூரனின் கலைக்களஞ்சியம் முழுமையாகத் திருத்தப்பட்டு மறுபதிப்பாக வரவில்லை. இன்று அதில் பல செய்திகள் காலாவதியானவை. ஆயினும் ஒரு கருத்தை எவ்வளவு சிக்கனமாகத் தமிழில் சொல்லலாம் என்று கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பாடநூல் கிடையாது. திருப்பூர்ப் பஞ்சு வியாபாரத்தின் பணமும் மொடக்குறிச்சி ஆசிரியரின் உழைப்பும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று இந்த வட்டாரம் ஒருமுறை கண்டிருக்கிறது. திருத்திய பதிப்பு ஒன்றுக்கு முன்வர வேண்டிய முதல் கடமை இங்குள்ள தொழில் நிறுவனங்களுக்கும் கல்லூரிகளுக்கும் உண்டு. தூரனின் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியுள்ளது. கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம்.